ரோசாக் கல்லின் கறுப்பு நரம்பு

வேப்பம்பட்டில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் ஒரு வீடாவது எழும்பிக்கொண்டிருக்கும்; வாசலில் கம்பிக்கட்டு கிடக்கும். இதே மாவட்டத்தில், கும்மிடிப்பூண்டிப் பக்கத்து ஆலைகளிலும் அப்படிப்பட்ட கம்பிகள் உருட்டப்படுகின்றன. கம்பியின் உறுதிக்கு இரும்போடு கலந்த சிறிதளவு மாங்கனீசும் காரணம். அந்த மாங்கனீசே மண்ணுக்கடியில் சிலிக்காவோடு சேர்ந்தால் ரோசா நிறக் கல்லாகிறது. பெயர் ரோடோனைட். கிரேக்க மொழியில் ‘ரோடோன்’ என்றால் ரோசாப்பூ.

பழங்காலக் கடலடியில் மாங்கனீசும் சிலிக்காவும் கலந்த வண்டல் படிந்தது. பிறகு அது ஆழத்தில் புதையுண்டு, சூட்டிலும் அழுத்தத்திலும் உருகாமலே புதுக் கனிமமாக மாறியது. மத்தியப் பிரதேசத்தின் பாலாகாட், மகாராஷ்டிரத்தின் நாக்பூர் வட்டாரங்களில் இத்தகைய மாங்கனீசுப் பாறைகள் உண்டு. புவியியலாளர் ஃபெர்மர் 1909-இல் அவற்றை விரிவாக விவரித்து, அம்மண்ணின் கோண்டு மக்கள் பெயரால் ‘கோண்டைட்’ என்று அழைத்தார். அந்தப் பாறைகளில் ரோடோனைட்டும் கிடைக்கிறது.

கல்லின் குறுக்கே கறுப்பு நரம்புகள் ஓடும். வெடிப்புகளில் காற்றும் நீரும் புகுந்து மாங்கனீசை ஆக்சைடாக மாற்றியதன் தடம் அது. உருக்காலைக்கு உகந்த தாது அந்தக் கறுப்புதான். ரோசாப் பகுதியில் மாங்கனீசைச் சிலிக்கா இறுகப் பிடித்திருப்பதால் எளிதில் பிரிக்க முடியாது. உலைக்கு உதவாத அந்தப் பகுதியைத்தான் சிற்பி தேடுகிறார்.

மோஸ் அளவுகோலில் இதன் கடினம் 5.5 முதல் 6.5 வரை, எடை தண்ணீரைப்போல் சுமார் மூன்றரை மடங்கு. ரோடோகுரோசைட் என்ற இன்னொரு ரோசாக் கல்லும் மாங்கனீசுக் கனிமமே. ஆனால் அது கார்பனேட். கத்தியால் எளிதில் கீறலாம், சூடான அமிலத்தில் நுரைக்கும். ரோடோனைட் இரண்டுக்கும் அசையாது.

தனிப் படிகம் பிளவுபடும் குணமுடையது. முகமுகமாகப் பட்டை தீட்டுவது கடினம். பொடிமணிகள் பின்னிப்பிணைந்த கட்டிக்கல்லோ நன்றாகத் தாங்கும். மணிமாலை, மோதிரக்கல், குவளை என எல்லாம் அதில் செய்கிறார்கள். ரஷ்யாவின் யூரல் மலைக் கல்லில் பேரரசி மரியா அலெக்சாந்திரோவ்னாவின் கல்லறைப் பேழையே செதுக்கப்பட்டது.

1938-இல் திறந்த மாஸ்கோவின் மாயகோவ்ஸ்கயா மெட்ரோ நிலையத்தில் தூண்களுக்குத் துருப்பிடிக்காத எஃகும் ரோடோனைட்டும் பதித்தார்கள். மாங்கனீசு உறுதி தந்த உலோகமும், அது நிறம் தந்த கல்லும், அங்கே ஒரே தூணில் பக்கம்பக்கமாக நிற்கின்றன.