அடைக்கலம் புகுந்த வாயில்லா ஜீவன்கள்

யாழ்ப்பாணத்துக் குடும்பங்களுக்கு நாயும் பூனையும் புதியன அல்ல. படலையடியிற் காவலுக்கு ஒரு நாயும், குசினியில் எலி பிடிக்க ஒரு பூனையும் இல்லாத வளவு முன்னாளில் அரிது. வைரவ சுவாமிக்கு நாயே வாகனம். ஒழுங்கைக்கு ஒழுங்கை வைரவர் கோயில் கண்ட நாடு இது. ஆயினும், அதே கோயில் வீதியிலும் சந்தை மதிலோரத்திலும் கண் திறவாத குட்டிகளைச் சாக்கிற் கட்டிக் கொண்டுவந்து போட்டுவிட்டுச் செல்வோரும் நம்மவரே. குட்டி பெட்டையாயின், பெரும்பாலும் அதற்கு வாய்க்கும் விதி இதுவே.

அத்தகைய குட்டிகளைக் கண்டு மனம் பொறாது வீட்டுக்கு எடுத்துவரும் இரக்கமுள்ளோரும் ஊர்தோறும் இருக்கின்றனர். ஒன்று வந்தபின் மற்றொன்று வரும். நாளடைவில் இரண்டு நாய்களும் மூன்று பூனைகளும் ஒரே விறாந்தையிற் படுத்துறங்கும். காண இனிய காட்சிதான். எனினும், எடுத்துவருவதற்கு ஒரு கணத்து இரக்கம் போதும். வைத்துக் காப்பதற்கோ பத்துப் பன்னிரண்டு ஆண்டு உழைப்பு வேண்டும். இவ்வுழைப்பைப் பற்றியே ஈண்டுச் சிந்திப்போம்.

கைவிடப்பட்ட காரணம்

1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமத்து மக்கள் பெருந்திரளாகப் பெயர்ந்து தென்மராட்சியை நோக்கிச் சென்றபோது, கையிற் பிள்ளையும் தலையிற் பொதியுமாக நடந்தோரால் வளர்ப்புப் பிராணிகளை உடன் கொண்டுசெல்ல இயலவில்லை. அது போரின் கொடுமை. எவரையும் குறைகூற இடமில்லை. இன்றைய நிலை வேறு. பிள்ளைகள் வெளிநாடு செல்கின்றனர், பின்னர் பெற்றோரும் செல்கின்றனர், வீடு பூட்டப்படுகிறது, நாய் படலைக்கு வெளியே நிற்கிறது.

தெருநாய்களைக் கொல்வதில்லை என்னும் கொள்கையை இலங்கை அரசு 2006 ஆம் ஆண்டில் மேற்கொண்டது. அது அறத்துக்கு உகந்ததே. ஆனால், கொல்லாமை மட்டும் போதாது. அவை பெருகித் துன்புறாமலும் காத்தல் வேண்டும்.

முதல் இரு வாரங்கள்

வீட்டில் ஏற்கெனவே பிராணிகள் இருப்பின், புதிய குட்டியை நேரே அவற்றோடு சேர்த்தல் ஆகாது. இரு வாரங்களாவது தனி அறையிலோ, வளவின் ஒரு மூலையிலோ வைத்திருந்து, மிருக வைத்தியரிடம் காட்டிப் பூச்சி மருந்து கொடுக்க வேண்டும். உண்ணியும் தெள்ளும் நீக்கப்பட வேண்டும். நாய்க்குட்டிகளை வாரிக்கொண்டு போகும் பார்வோ என்னும் வைரசு நோய், குட்டி இறந்த பின்னரும் மண்ணிற் பல மாதங்கள் உயிர்ப்புடன் இருக்கவல்லது. ஆதலால் நோயுற்ற குட்டி கிடந்த இடத்தைக் குளோரின் கரைசலாற் கழுவுவதோடு, தடுப்பூசி இடாத வேறொரு குட்டியை அங்கே விடாதிருத்தலும் நலம்.

பின்னர், ஒன்று படுத்த துணியை மற்றதன் இடத்தில் இட்டு, மணத்தால் முதலில் அறிமுகம் செய்யலாம். சில நாட்கள் கழித்து, நாயைக் கட்டிவைத்துப் பூனையைக் காணச் செய்யலாம். பூனை ஏறித் தப்புவதற்கு உயரமான ஓர் இடம் எப்பொழுதும் இருத்தல் வேண்டும். உணவை ஒரே தட்டில் இடுவதே வீட்டுச் சண்டைகளுக்கு முதற் காரணம். ஒவ்வொன்றுக்கும் தனிக் கோப்பை, தனி இடம் என்று வகுத்துவிட்டால் பாதிப் பகை தீரும்.

நம்மூர் விளைவும் நஞ்சாகும்

இல்லத்தரசிகள் அறிய வேண்டியது ஒன்றுண்டு. யாழ்ப்பாணத்து மண்ணின் பெருமையான சின்ன வெங்காயம், நாய், பூனை இரண்டினதும் செங்குருதிக் கலங்களைச் சிதைக்க வல்லது, உள்ளியும் அவ்வாறே. மிச்சமான குழம்பைச் சோற்றிலே பிசைந்து நாளும் இடுவது அன்பாகத் தோன்றினும் தீங்காகவே முடியும். கொடிமுந்திரிகைப் பழமோ நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது. சூடை மீனையோ வேறு மலிவான மீனையோ உப்பும் உறைப்பும் இன்றி அவித்து, முள் நீக்கிச் சோற்றோடு கொடுத்தல் எளிதும் நலமுமாகும். காய்ச்சல் என்று எண்ணிப் பூனைக்குப் பரசிற்றமோல் கொடுப்போரும் உளர். ஒரு வில்லையே அதன் உயிரைக் குடிக்கப் போதும்.

விசர்நோய்

பல பிராணிகள் வாழும் வீட்டில் விசர்நோய்த் தடுப்பூசி தவறவே கூடாது. நாய்களுக்கு இது சுகாதாரப் பகுதியினரால் இலவசமாக இடப்படுகிறது. பூனைக்கும் இது இன்றியமையாதது. கடியோ கீறலோ ஏற்பட்டால், காயத்தை ஓடும் நீரிற் சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடங்கள் கழுவி, அன்றே அரசினர் வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். 1885 ஆம் ஆண்டில் லூயி பாஸ்டர் ஒன்பது வயதுச் சிறுவனொருவனுக்கு முதன்முதலாக இம்மருந்தை ஏற்றி அவனைக் காத்தார். நோயின் குறிகள் தோன்றிய பின்னரோ, இன்றும் மரணம் ஏறக்குறைய நிச்சயம். ஆதலால், பிள்ளைகள் கடியை மறைத்தால் அடிக்காது, சொல்லப் பழக்குங்கள்.

பெருகாமற் காத்தல்

நாய் ஏறத்தாழ ஒன்பது வாரங்களிற் குட்டி ஈனும்; பூனையும் ஏறக்குறைய அவ்வாறே. பெட்டைப் பூனை ஆறு மாதம் நிரம்பு முன்னரே கருவுறக்கூடும். ஆகவே இரக்கத்தால் எடுத்த ஒன்று, அடுத்த ஆண்டில் எட்டாகிவிடும். அந்த எட்டும் மறுபடி சந்தை மதிலோரத்துக்கே போய்ச் சேரும். சென்னையில் 1959 ஆம் ஆண்டில் கப்டன் வி. சுந்தரம் தொடங்கிய புளூ குறொஸ் இயக்கம், தெருநாய்களைக் கொல்வதற்கு மாற்றாகக் கருத்தடையையும் தடுப்பூசியையும் 1960களிலிருந்தே வலியுறுத்தி வந்தது. பெட்டைக் குட்டியை வீசாது வளர்க்க வழி இதுவே. கருத்தடைக்கு ஆகும் பணம் பெரிதென்று தோன்றுவோர், ஆறு குட்டிகளுக்கு ஆகும் உணவையும் மருந்தையும் கணக்கிட்டுப் பார்க்கட்டும்.

நமக்குப் பின் யார்?

இனி, எல்லாவற்றிலும் கடினமான கேள்வி. ஐந்தாம் வகுப்பிற் புலமைப்பரிசில் பரீட்சை எழுதும் பிள்ளை ஆசையோடு கொண்டுவரும் குட்டி, அப்பிள்ளை பல்கலைக்கழகம் புகும்போதும், ஒருவேளை கடல் கடந்து செல்லும்போதும் உயிரோடிருக்கும். அப்போது அதனைப் பார்ப்பவர் முழங்கால் நோவோடிருக்கும் தாயா? அவருக்கும் பின் யார்? மாணவர்கள் குட்டியைத் தூக்கு முன்னரே இதனைப் பெற்றோருடன் பேசித் தெளிதல் வேண்டும். அயலாரோ உறவினரோ ஒருவர் பொறுப்பேற்க இணங்கினால், அப்பிராணிகளை இப்போதிருந்தே அவருடன் பழகவிடுதல் நன்று.

தீபகற்பத்துக்குள் நுழையும் வழியில், ஆனையிறவுக்கு அண்மையிலுள்ள இயக்கச்சியில், ஆறு. திருமுருகன் தலைமையிலான சிவபூமி அறக்கட்டளை கைவிடப்பட்ட நாய்களுக்கென ஒரு சரணாலயம் அமைத்தது. கோண்டாவிலில் விசேட தேவையுடைய பிள்ளைகளுக்குப் பாடசாலை நடத்திய அதே அறக்கட்டளை நாய்களுக்கும் இடமளித்தது போற்றத்தக்கது. ஆயினும் வெளிநாடு போவோர் அனைவரும் தம் நாய்களை ஒரே வாசலிற் கொண்டுபோய் விடுவார்களாயின், எந்தச் சரணாலயமும் தாங்காது. அத்தகைய இடங்களுக்கு அரிசியோ, மருந்தோ, ஒரு நாள் உழைப்போ கொடுத்துதவுவதே நாம் செய்யத்தக்கது.

எத்தனை உயிர்களைக் கொண்டுவந்தோம் என்பதில் பெருமையில்லை. கொண்டுவந்தவற்றுள் எத்தனையை இறுதிவரை காத்தோம் என்பதே கணக்கு. ஐந்தை ஏற்றுத் தவிப்பதினும், இரண்டை ஏற்று, ஊசியும் கருத்தடையும் செய்து, வேளைக்குச் சோறிட்டு, முதுமையில் அதன் கண் மங்கும்போதும் அருகிருத்தல் மேலான தருமம். அடுத்த குட்டியைத் தூக்குமுன் இதனைக் குடும்பமாக அமர்ந்து எண்ணுங்கள். எண்ணிய பின் தூக்கினால், எக்காரணத்தாலும் இறக்கிவிடாதீர்கள்.