பஜனை சபாவுக்கு வந்த ஒரு கோரிக்கை: சாப்பிட இன்னும் பதினைந்து நிமிடம்!

சென்ட்ரலுக்கு ரயிலில் வருகிற எல்லோருக்கும் பேசின் பிரிட்ஜைத் தெரியும். பையை எல்லாம் இறக்கி, செருப்பை மாட்டிக்கொண்டு கதவருகே வந்து நிற்கும்போதுதான் சிக்னல் விழாமல் வண்டி அங்கே நிற்கும். பத்து நிமிடம் போனால் போதும், பெட்டி முழுக்க முணுமுணுப்பு ஆரம்பித்துவிடும்.

அந்த ஸ்டேஷனுக்குக் கொஞ்ச தூரத்தில், புளியந்தோப்பு - பெரம்பூர் பக்கம், பத்து பதினைந்து நிமிடத்துக்காக ஆயிரக்கணக்கான பேர் ஒன்றுசேர்ந்த கதை ஒன்று இருக்கிறது. நடந்தது 1918-ல். இடம், பின்னி கம்பெனியின் பக்கிங்ஹாம், கர்நாடிக் மில்கள். வடசென்னைப் பெரியவர்கள் இன்றைக்கும் 'பி அண்ட் சி மில்' என்றுதான் சொல்வார்கள்.

அப்போது ஜவுளி மில்களில் ஆண்களை ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்கலாம். 1911-ம் வருடத் தொழிற்சாலைச் சட்டமே அப்படித்தான் சொன்னது. நடுவில் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். அதற்குள் மெஷினை விட்டு வெளியே வந்து, கை கழுவி, தூக்குச்சட்டியைத் திறந்து, சாப்பிட்டு, சங்கு ஊதுவதற்குள் திரும்பவும் உள்ளே போய்விட வேண்டும். இதில் சட்டமீறல் எதுவும் இல்லை என்பதுதான் சிக்கலே. கோர்ட்டுக்குப் போனாலும் எடுபடாது. கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

யாரிடம் போய்ச் சொல்வது? தொழிற்சங்கம் என்ற பேச்சே அந்தப் பக்கம் கிடையாது. இருந்தது ஒரு சபா. பெயர், ஸ்ரீ வெங்கடேச குணாமிர்த வர்ஷணி சபா. பஜனை, சொற்பொழிவு என்று பக்திக்காக நடந்த இடம். செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு என்ற இரண்டு வியாபாரிகள்தான் அதை முன்னின்று நடத்தினார்கள். மில் தொழிலாளிகளுக்கு இரண்டு பேரும் நன்கு பழக்கம். கடைக்கு வரும்போதும் சபாவுக்கு வரும்போதும் ஒரே புலம்பல்தான்: சாப்பிட நேரம் போதவில்லை, மேஸ்திரி கெடுபிடி, கூலி கட்டுப்படியாகவில்லை.

'இது பக்தி சபா, இதையெல்லாம் இங்கே பேசாதீர்கள்' என்று அவர்கள் தட்டிக்கழித்திருக்கலாம். மில்லை நடத்துவது வெள்ளைக்காரக் கம்பெனி, உலகப்போர் வேறு நடந்துகொண்டிருந்தது. ஆனால், 1918 தொடக்கத்தில் சபா சார்பில் கூட்டம் போட்டார்கள். பக்திக் கூட்டத்தில் தொழிலாளர் பிரச்னையும் பேச்சானது. அதன் பிறகு வெளியே துணை தேடிக் கிளம்பினார்கள். அப்படித்தான் 'தேசபக்தன்' ஆசிரியராக இருந்த திரு.வி.க.வும், அன்னிபெசன்ட்டின் 'நியூ இந்தியா' பத்திரிகையில் இருந்த பி.பி.வாடியாவும் இதற்குள் வந்தார்கள்.

வாடியா பம்பாய்க்காரர், பார்சி. தமிழ் தெரியாது. அவர் ஆங்கிலத்தில் பேச, கூட்டத்துக்குத் தமிழில் சொன்னார்கள். 1918 ஏப்ரல் 27 அன்று மெட்ராஸ் லேபர் யூனியன் பிறந்தது. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர்களில் ஒருவர். சபாவை நடத்திய அந்த இரண்டு வியாபாரிகளும் செயலாளர்கள். இந்தியாவில் முறையாக அமைக்கப்பட்ட முதல் தொழிற்சங்கம் என்று வரலாற்றில் இதைத்தான் சொல்கிறார்கள்.

புதுச் சங்கம் என்றதும் உடனே ஸ்டிரைக் என்று கிளம்பவில்லை. போர்க்காலத்தில் வேலைநிறுத்தம் வேண்டாம் என்பதில் வாடியா உறுதியாக இருந்தார். நிர்வாகத்திடம் வைத்த முதல் கோரிக்கைகளில் ஒன்று, அரை மணி சாப்பாட்டு நேரத்தை முக்கால் மணியாக்குங்கள் என்பதுதான். எத்தனை நிமிடம் வேண்டும் என்பதுவரை கணக்கு இருந்ததால், கேட்டது புரியவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 45 கேட்டார்கள், 40 கிடைத்தது. பத்து நிமிட லாபம்!

ஆனால், சங்கத்தை கம்பெனி ஏற்றுக்கொள்ளவில்லை. கதவடைப்புகள் வந்தன. 1920-ல் வாடியா மீதும் சங்க நிர்வாகிகள் மீதும் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது பின்னி. வேலை ஒப்பந்தத்தை மீறும்படி தொழிலாளிகளைத் தூண்டினார்கள் என்பது குற்றச்சாட்டு. சங்கம் நடத்துவதற்குச் சட்டப் பாதுகாப்பு எதுவும் இல்லாத காலம் அது. நீதிமன்றம் தடை விதித்தது. கடைசியில் வாடியா தொழிற்சங்க வேலையிலிருந்தே விலக வேண்டியதாயிற்று. அடுத்த வருடம், 1921-ல், நீண்ட வேலைநிறுத்தம் நடந்தது. சாதிப் பிளவு உள்ளே புகுந்து, புளியந்தோப்பில் வீடுகள் எரிந்தன, உயிர்கள் போயின. சங்கத்தின் கதையில் மறைக்க முடியாத பக்கம் அது.

வாடியா வழக்கு நாடு முழுக்கத் தொழிலாளர் தலைவர்களை உலுக்கியது. என்.எம்.ஜோஷி மத்திய சட்டசபையில் விடாமல் குரல் கொடுக்க, 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. அதற்கு முன்பே, 1922-ல் திருத்திய தொழிற்சாலைச் சட்டம் ஆறு மணி நேர வேலைக்கு ஒரு மணி நேர ஓய்வு என்று ஆக்கிவிட்டது. பெரம்பூர்க்காரர்கள் கேட்டதோ முக்கால் மணிதான்!

பி அண்ட் சி மில் 1996-ல் மூடப்பட்டது. 1926 சட்டம் சொன்ன கணக்கு ரொம்ப எளிமையானது. ஏழு பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால், ஒரு சங்கத்தைப் பதிவு செய்ய விண்ணப்பிக்கலாம் என்று அன்றைக்கு இருந்தது.