தேய்ந்த சங்கிலி

நாம் உத்தியோகம் பார்க்கும் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காவிரி இரு கிளைகளாகப் பிரிந்து ஊரைச் சூழ்ந்து ஓடுகிறது. இங்கே ஆற்றில் மிதப்பவை பரிசல்கள். வேலை முடிந்ததும் கரையில் இழுத்துக் கவிழ்த்துவிட்டால் போதும்; நங்கூரம் என்ற பேச்சே இல்லை. இதே காவிரி கடலிற் கலக்கும் சோழநாட்டுக் கரையிலோ, புயற்காற்றில் ஒரு படகும் அதிலுள்ள உயிர்களும் நங்கூரச் சங்கிலி ஒன்றை நம்பியே இருக்க நேர்கிறது.

சென்ற கோடையில் நாகப்பட்டினத்தில் நம் மாமா வீட்டிற்குச் சென்றிருந்தோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் அக்கரையில் விசைப்படகுகள் மீன்பிடிக்கச் செல்வதில்லை. படகுகளைச் செப்பனிடும் காலம் அது. மாமா புதுச் சங்கிலி வாங்கியிருந்தார். பழையதைத் தம் தம்பி மகனுடைய சிறு படகுக்குக் கொடுப்பதென்று எடுத்து வைத்திருந்தார்.

"இரும்புதானே மருமகனே! சின்னப் படகுக்கு இன்னும் ஐந்தாறு வருஷம் உழைக்கும்" என்றார்.

பழைய இரும்புக்குக் கணக்கு எழுதிப் பழகிய கை நம்முடையது, சும்மா இருக்கவில்லை. அளந்து பார்த்தோம். புதிதில் 12 மில்லிமீட்டர் கனமிருந்த கண்ணி, மற்றொரு கண்ணியோடு உரசும் இடத்தில் 10 மில்லிமீட்டராகத் தேய்ந்திருந்தது. இரண்டு மில்லிமீட்டர் என்ன பெரிது என்று தோன்றும். ஆனால் இரும்பின் பலம் அதன் குறுக்குப் பரப்பில் இருக்கிறது. 12ஐ 12ஆல் பெருக்கினால் 144. 10ஐ 10ஆல் பெருக்கினால் 100. அதாவது நூற்றுக்கு முப்பது பங்குக்கு மேல் இரும்பு போய்விட்டது! பெரிய கப்பல்களில் விட்டம் நூற்றுக்கு 12 பங்கு குறைந்தாலே சங்கிலியை மாற்றிவிட வேண்டுமென்பது விதி. இதிலோ ஏறக்குறைய 17 பங்கு குறைந்திருந்தது.

இதைக் கேட்டதும் மாமா நெடுநேரம் பேசவில்லை. "பையன் கையில் இதையா கொடுக்க இருந்தேன்!" என்றார் பிறகு.

பழையது என்பதால் மட்டும் ஒரு பொருள் குப்பையாகிவிடாது. நம் ஊரில் இரட்டை ரயில் பாதைக்கு வழியில் நின்ற திப்பு காலத்து ஆயுதக் கிடங்கை இடித்துத் தள்ளாமல், 2017ஆம் ஆண்டில் கட்டடத்தை முழுதாகவே நகர்த்தி வைத்தார்கள். தண்டவாளமும் அப்படித்தான். பிரதான பாதையில் தேய்ந்ததைத் தரம் பிரித்துக் குறியிட்டு, வேகம் குறைந்த பக்கப் பாதைக்கு மாற்றுவார்கள். அதற்கும் உதவாதது வேலிக் கம்பமாகும்; எஞ்சியது ஏலத்துக்குப் போகும். பழசுக்கும் வேலை உண்டு. ஆனால் அதன் பலத்துக்கு மிஞ்சிய வேலை கூடாது.

சங்கிலிக்கும் இதுவே முறை. தேய்வு சொற்பமாக இருக்கும்போதே தலைமாற்றிக் கட்டினால், பெட்டியிலேயே கிடந்த நல்ல பகுதி நங்கூரத்தின் பக்கம் வந்து உழைக்கும். நீண்டுபோன கண்ணியோ விரிசல் கண்ட கண்ணியோ இருந்தால் அந்தப் பகுதியைக் கழித்துவிட வேண்டும். கழித்ததைத் தோட்ட வேலிக்கோ, பாரமாக வைப்பதற்கோ உபயோகிக்கலாம். கடலில் மட்டும் எறியலாகாது. அது இன்னொருவர் வலையைக் கிழிக்கும். துத்தநாகம் பூசிய சங்கிலியை நெருப்பால் வெட்டுவதும் தவறு. அந்தப் புகையைச் சுவாசித்தால் குளிர்காய்ச்சல் வரும். அறுப்பு வாளே நல்லது.

மாமா அவ்வாறே செய்தார். கண்ணி கண்ணியாக அளந்ததில், பெட்டியின் அடியில் கிடந்த கடைசிப் பகுதி தேயாமல் புதிதுபோல் இருந்தது. அதைத் தம் விசைப்படகுக்கு உபரியாக வைத்துக்கொண்டு, வாங்கிய புதுச் சங்கிலியிலிருந்து போதுமான நீளத்தைப் பையனுக்கு அளந்து கொடுத்தார். தேய்ந்த பகுதியை, வேறு எவரும் படகுக்குக் கட்ட இயலாதபடி துண்டு துண்டாக அறுத்துப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பினார். அங்கிருந்து அது உலைக்குப் போய் வேறு உருவெடுக்கும்.

ஊரில் உறவினருக்குப் பழையதைக் கொடுத்து உதவுவது நம்மவரிடம் உள்ள நல்ல வழக்கம். விடுமுறைக்குச் செல்லும் அன்பர்கள், கொடுக்கும் முன் ஒருமுறை அளந்து பார்க்கும்படி அவர்களிடம் சொல்வார்களாக. உயிரைத் தாங்கும் பொருளில் மட்டும் சிக்கனம் பார்க்கலாகாது.