எட்டுச் சங்கிலி தூரத்தில் ஒரு டப்பா

முப்பத்தொரு வருஷம் நில அளவைத் துறையில் இருந்தவன் நான். மண்ணுக்குள் போன எல்லைக்கல்லைத் தேடிக் கொடுத்தே ஓய்வு பெற்றேன். அப்படிப்பட்டவன் போன வருஷம் அமெரிக்காவில், ஒரேகான் மாநிலத்தில், மகள் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில், ஒரு பெஞ்சுக்கு அடியில் தலையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தேன். பத்து வயதுப் பேரன் செல்போனைப் பார்த்தபடி, "இன்னும் ஆறு மீட்டர் தாத்தா... இல்ல, ஒன்பது" என்று கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். நாயோடு நடக்க வந்த ஒரு பெண்மணி நின்றார். ஏதாவது தொலைத்துவிட்டீர்களா, உதவட்டுமா என்று கேட்டார். அந்தக் குரலில் உதவி மட்டும் இல்லை. குரங்குக் குல்லா போட்ட ஒரு கறுத்த கிழவன் பெஞ்சுக்கு அடியில் என்ன செய்கிறான் என்ற விசாரணையும் இருந்தது. கேட்டதில் தப்பில்லை. நம்மூர்ப் பூங்காவில் யாராவது இப்படிக் குனிந்திருந்தால் நானும் நின்று கேட்டிருப்பேன், இன்னும் கொஞ்சம் சத்தமாக.

இந்த விளையாட்டுக்கு ஜியோகேச்சிங் என்று பெயர். ஒருவர் ஒரு டப்பாவை (அதற்கு 'கேஷ்' என்று பெயர்) எங்காவது மறைத்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் ஜிபிஎஸ்ஸை வைத்துக்கொண்டு தேடிப் போவார்கள். உள்ளே ஒரு சின்ன நோட்டு இருக்கும். அதில் பேரும் தேதியும் எழுதிவிட்டு, எடுத்த இடத்திலேயே எடுத்த மாதிரியே திருப்பி வைத்துவிட வேண்டும். பொம்மை, நாணயம் என்று ஏதாவது இருந்தால் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஈடாக ஒன்றைப் போடலாம். ராணுவத்தில் தோட்டா வைக்கும் இரும்புப் பெட்டி அளவிலும் டப்பா உண்டு, சுண்டுவிரல் நுனி அளவிலும் உண்டு. உலகம் முழுக்க முப்பது லட்சத்துக்கு மேல் இப்படி ஒளிந்து கிடக்கின்றன. விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் 'மகிள்'. ஹாரி பாட்டர் கதையில் மந்திரம் அறியாத மனிதர்களுக்கு உள்ள பெயர் அது. நாய்க்காரப் பெண்மணி மகிள். அன்று காலை காபி குடிக்கும் வரை நானும் மகிள்தான்.

இது பிறந்த இடமும் ஒரேகான்தான் என்று பேரன் சொன்னதும் எனக்குச் சுவாரசியம் கூடிவிட்டது. 2000-ஆம் ஆண்டு வரை அமெரிக்க ராணுவம் ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழையைக் கலந்துதான் பொதுமக்களுக்கு விட்டது. நூறு மீட்டர்கூடத் தள்ளிக் காட்டும். எங்கள் அலுவலகத்தில் யாரோ ஒரு கருவியைக் கொண்டுவந்து காட்டியபோது, "இதை வைத்து அளந்தால் வயலுக்குப் பட்டா கேட்டவனுக்குப் பக்கத்து ஊர்க் கண்மாயைத்தான் கொடுக்க வேண்டியிருக்கும்" என்று சிரித்தோம். 2000 மே 2 அன்று, கிளின்டன் அதிபராக இருந்தபோது, அந்தக் கலப்படத்தை நிறுத்தினார்கள். மறுநாளே டேவ் உல்மர் என்ற கணினித்துறைக்காரர் பீவர்கிரீக் ஊர்ப்பக்கம் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் வாளியைக் கொண்டுபோய் வைத்து, இடத்தின் எண்களை இணையத்தில் போட்டார். உள்ளே புத்தகம், மென்பொருள், ஒரு கவண், ஒரு டின் பீன்ஸ். சில நாளிலேயே ஆட்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் 2003-இல் ஒரு நினைவுப் பலகை பதித்திருக்கிறார்கள். மகள் காரில் கூட்டிப்போய்க் காட்டினாள். மழையில் நின்று பார்த்தேன்.

உல்மர் அந்த வாளியைப் பாதி மண்ணில் புதைத்திருந்தார். இன்று ஜியோகேச்சிங் இணையதளத்தின் விதிப்படி, நிலத்துக்கு உரியவரின் வெளிப்படையான அனுமதி இல்லாமல் மண்ணைத் தோண்டக் கூடாது. ஆதி டப்பாவையே இன்றைக்கு யாராவது அனுமதி கேட்காமல் அப்படி வைத்தால் ஏற்க மாட்டார்கள்.

பூங்காக்களில் இந்த விளையாட்டுக்குக் கட்டுப்பாடுகள் வந்ததற்கு, புதைத்து வைத்த அந்த முதல் வாளி தந்த 'புதையல்' படிமமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். புதையல் என்றதும் பூங்கா அதிகாரிக்கு மண்வெட்டிதானே கண்ணில் தெரியும்? அமெரிக்க தேசியப் பூங்காத் துறை ஆரம்பத்திலேயே இதைத் தடுத்துவிட்டது. அதற்குப் புதிதாகச் சட்டம் எதுவும் தேவைப்படவில்லை. தேசியப் பூங்காவில் யாரும் தன் பொருளை 24 மணி நேரத்துக்கு மேல் கேட்பாரற்று விட்டுப் போகக் கூடாது என்று ஏற்கெனவே ஒரு விதி இருந்தது. கூடாரம், பெட்டி, படுக்கைக்காக எழுதிய விதி. டப்பாவுக்கும் கச்சிதமாகப் பொருந்தியது. பிற்பாடு அந்தந்தப் பூங்காவின் கண்காணிப்பாளர் முடிவு செய்யலாம் என்று கொஞ்சம் தளர்த்தினார்கள். 2004-இல் 'எர்த்கேஷ்' என்று ஒரு வகை வந்தது. அதில் டப்பாவே கிடையாது. எண்கள் காட்டும் இடத்துக்குப் போய், அங்குள்ள பாறையையோ ஆற்று வளைவையோ பார்த்துக் கேள்விகளுக்குப் பதில் அனுப்ப வேண்டும். பூங்காக்காரர்களுக்கு அது பிடித்துவிட்டது. என் பேரனுக்குப் பிடிக்கவில்லை. "டப்பா இல்லாம என்ன தாத்தா அது, ஹோம்வொர்க் மாதிரி."

அவனுக்குச் சொந்தமாக ஒரு டப்பா வைக்க ஆசை. பூங்காவின் ஓடைக்கரையில், பெரிய டக்ளஸ் ஃபர் மரத்தின் வேருக்கு நடுவே ஒரு பொந்தைப் பார்த்து வைத்திருந்தான். இரண்டு டப்பாக்களுக்கு இடையில் குறைந்தது 161 மீட்டர் இருக்க வேண்டும் என்பது இணையதளத்தின் விதி. அது எதற்கு இப்படி ஒற்றைப்படையாக ஒரு எண் என்று மகள் கேட்டாள். எனக்கு உடனே பிடிபட்டது. மைலில் பத்தில் ஒரு பங்கு. மைலுக்கு 80 சங்கிலி, 66 அடிச் சங்கிலி. ஆக, எட்டுச் சங்கிலி! வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் வெயிலில் இழுத்த அதே சங்கிலி, கடல் கடந்து வந்து பேரனின் விளையாட்டில் உட்கார்ந்திருக்கிறது. நான் அன்று முழுக்க இதையே சொல்லிக்கொண்டிருந்ததாக மகள் குறைப்பட்டாள்.

புது டப்பா எதையும் ஒரு தன்னார்வலர் சரிபார்த்த பிறகுதான் இணையதளத்தில் வெளியிடுவார்கள். அவரிடமிருந்து பதில் வந்தது: அந்த நகரப் பூங்காக்களில் வைக்க எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். பூங்கா அலுவலகத்துக்கு எழுதினோம். மூன்று வாரம் கழித்து, ஓடைக்கரையில் அனுமதி இல்லை, வேறு இடம் குறித்து நேரில் பேசலாம் என்று கடிதம். பேரன் முகம் தொங்கிவிட்டது. எனக்குக் கோபம். ஒரு சோற்று டப்பா அளவு சாமானுக்கு இத்தனை காகிதமா?

ஆனால் கோபம் வந்த வேகத்திலேயே கொஞ்சம் கூசவும் செய்தது. பணிக்காலத்தில் நானும் இதே கண்ணோடுதானே புறம்போக்கைப் பார்த்தேன்? முதலில் ஓரமாக ஒரு கல். அடுத்த பொங்கலுக்குள் அதன்மேல் ஒரு கீற்றுக் கொட்டகை. 'ஒரு கல்தானே சார்' என்று சொல்லாத ஆக்கிரமிப்பாளரை நான் பார்த்ததில்லை. எல்லாருக்கும் பொதுவான நிலத்தில் ஒருவர் தன் பொருளை விட்டுவிட்டுப் போவதற்கு அதிகாரி 'சரி' என்று ஒருமுறை சொன்னால், அடுத்து வருபவருக்கு எதைச் சொல்லி மறுப்பார்?

நேரில் போனோம். ரப்பர் பூட்ஸ் போட்ட, என் மகளைவிடப் பத்து வயது மூத்த ஒரு பெண் அதிகாரி எங்களை ஓடைக்கரைக்கே கூட்டிப்போனார். நான் எதிர்பார்த்த மாதிரி அவர் டப்பாவைப் பற்றிப் பேசவே இல்லை. தரையைக் காட்டினார். கொஞ்ச காலம் முன்பு அனுமதி கேட்காமல் யாரோ அங்கே ஒரு டப்பா வைத்திருந்தார்களாம். பெரணிச் செடிகள் அடர்ந்த சரிவில் பாதையிலிருந்து மரம் வரை ஒரு ஒற்றையடித் தடம் பழுப்பாக இறங்கியது. மரத்தைச் சுற்றி ஒரு வட்டம் மொட்டையாகக் கிடந்தது. டப்பா போய்விட்டது, தடம் போகவில்லை. ஜியோகேச்சிங் ஆட்களே இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், 'ஜியோடிரெயில்'.

அந்த வட்டத்தைப் பார்த்ததும் நான் மனக்கணக்குப் போட்டேன். வெட்டவெளியில் செல்போன் ஐந்து மீட்டர் பிழையோடு காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து மீட்டர் ஆரத்துக்கு ஏறக்குறைய இரண்டு சென்ட் நிலம். அடர்ந்த மரத்தடியில் சமிக்ஞை இலையிலும் கிளையிலும் பட்டுத் தடுமாறும். பிழை பத்து மீட்டர் ஆனால், நிலம் இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்கு ஆகும். ஏழே முக்கால் சென்ட். நம்மூரில் மாடி வீடே கட்டிவிடலாம். வருகிற ஒவ்வொருவரும் அந்த ஏழே முக்கால் சென்ட்டையும் காலால் புரட்டித்தான் தேடுவார்கள். டப்பா அடைப்பது ஒரு சாண் இடம். தேடுகிற கால்கள் அடைப்பது ஒரு மனை. பூங்காவில் கட்டுப்பாடு போட வேண்டியது டப்பாவுக்கு அல்ல, கால்களுக்கு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மகள் மொழிபெயர்த்துச் சொன்னபோது அந்த அம்மாள் சிரித்து, அந்தக் கணக்கை ஒரு காகிதத்தில் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன், சென்ட் என்றால் என்னவென்று ஒரு குறிப்போடு.

அதிகாரிகளின் பயத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 2011-இல் இங்கிலாந்தில் வெதர்பி என்ற சிற்றூரில், ஒரு காபிக் கடைக்கு வெளியே இருந்த ஜியோகேச்சிங் டப்பாவை வெடிகுண்டு என்று நினைத்து, ராணுவ நிபுணர்களை வரவழைத்து வெடிக்கச் செய்தார்கள். அது வெறும் விளையாட்டு டப்பாதான். யாரோ ஒருவர் எதையோ செருகிவிட்டு அவசரமாக நடந்து போவதை எதிரில் இருப்பவர் பார்க்கிறார்; இந்தக் காலத்தில் அவர் வேறென்ன நினைப்பார்? அதனால்தான் ஊருக்குள் வைக்கும் டப்பா உள்ளே இருப்பது தெரிகிற மாதிரி இருக்க வேண்டும், இன்ன விளையாட்டுக்கு உரியது என்று மேலே எழுதியிருக்க வேண்டும் என்று பல இடங்களில் சொல்கிறார்கள். ஒளித்து வைக்கிற பொருளின் மேல் பெரிய எழுத்தில் விலாசம் எழுதுவது வேடிக்கைதான். ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

முழுத் தடையை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. மொத்தமாகக் கூடாது என்றால் அனுமதி கேட்கிற பையன் மட்டும்தான் நிற்பான், கேட்காமல் வைக்கிறவன் எப்போதும்போல வைப்பான். ஓடைக்கரைத் தடத்தை உண்டாக்கியவரும் கேட்காமல் வைத்தவர்தான். பென்சில்வேனியா மாநிலப் பூங்காக்களில் அனுமதிச் சீட்டு முறை இருக்கிறது. டெக்சாஸில் மாநிலப் பூங்காத் துறையே டப்பாக்களை வைத்துப் போட்டி நடத்தி, ஆட்களைப் பூங்காவுக்கு வரவழைத்திருக்கிறது. எங்கே வைக்கலாம் என்று துறையே சொல்லிவிட்டால் கால்களும் அங்கேதான் போகும்.

அந்த அம்மாள் மூன்று இடம் காட்டினார். மூன்றும் சரளைப் பாதையை ஒட்டியவை. வாகன நிறுத்தத்தின் வேலி, அறிவிப்புப் பலகையின் பின்புறம், குழந்தைகள் விளையாடும் இடத்துக்கு இந்தப் பக்கம் ஒரு மரக்கம்பம். பேரனுக்கு மூன்றும் பிடிக்கவில்லை. "ரொம்ப ஈஸி தாத்தா. அஞ்சு நிமிஷத்துல எடுத்துடுவாங்க."

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் அவனுக்கு ஒரு புலப்படம் வரைந்து காட்டினேன். எல்லாக் கல்லையும் நேராக அளக்க முடியாது. ஜி-லைன் என்று ஒரு நேர்கோடு பிடித்து, அதில் இத்தனை தூரம் நடந்து, அங்கிருந்து செங்குத்தாக இத்தனை தூரம் போனால் கல். பக்கவாட்டில் போகும் அந்தத் தூரத்துக்கு ஆஃப்செட் என்று பெயர். "இதுவும் கேஷ்ல இருக்கு தாத்தா! ஆஃப்செட் கேஷ்!" என்று குதித்தான். இருக்கிறதாம். இணையத்தில் போடுகிற எண்கள் டப்பாவைக் காட்டாது. பூங்காவில் ஏற்கெனவே உள்ள ஏதாவது ஒரு பலகையைக் காட்டும். பலகையில் உள்ள ஆண்டுகளைக் கூட்டிக் கழித்தால் அடுத்த இடத்தின் எண்கள் கிடைக்கும். அவன் அறிவிப்புப் பலகையில் தொடங்கி, இரண்டு பெஞ்சுத் தகடுகள் வழியாக மரக்கம்பத்தில் கொண்டுபோய் முடித்தான். ஆரம்பம் முதல் கடைசி வரை தேடுகிறவர் சரளையை விட்டு இறங்க வேண்டியதில்லை. அனுமதி ஒரு வருஷத்துக்கு. டப்பா சேதமானால் வைத்தவரே வந்து சரிசெய்ய வேண்டும், இல்லாவிட்டால் எடுத்துவிடுவார்கள் என்பது நிபந்தனை.

இணையதளத்தில் வெளியாவதற்குள் என் விசா நாள் முடிந்து ஊர் திரும்பிவிட்டேன். போன மாதம் பேரன் நோட்டின் முதல் பக்கத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினான். வெளியான அன்றே, விடியற்காலை 5.40-க்கு யாரோ ஒருவர் டார்ச் லைட்டோடு வந்து முதல் கையெழுத்தைப் போட்டிருக்கிறார். ஆஃப்செட்டில் முதலில் தப்புக் கணக்குப் போட்டு நாற்பது நிமிஷம் வீணாயிற்று என்றும் எழுதியிருக்கிறார். பேரனுக்கு அதில்தான் பெருமை. நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நோட்டின் ஓரம் ஈரத்தில் சுருண்டிருந்தது. மூடியின் ரப்பர் வளையம் சரியாகப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. மாற்றச் சொல்லியிருக்கிறேன்.