சுண்டுவிரல் சொல்லும் செய்தி

வகுப்பில் பாடம் நடந்துகொண்டிருக்கிறது. மூன்றாவது வரிசையில் ஒரு சிறுவன் எழுந்து நிற்கிறான். வாயைத் திறக்கவில்லை, சுண்டுவிரலை மட்டும் உயர்த்திக் காட்டுகிறான். அதன் பொருள் நம் நாட்டில் யாருக்குத்தான் தெரியாது? ஆசிரியர் கடிகாரத்தைப் பார்க்கிறார். "இப்பத்தானே இன்டர்வெல் விட்டோம்? அப்போ என்ன பண்ணிக்கிட்டிருந்தே? உட்காரு!" என்கிறார். சிறுவன் உட்காருகிறான். கால்களை ஒன்றோடொன்று பின்னிக்கொள்கிறான். அதற்குப் பிறகு அவன் காதில் பாடம் விழுவதில்லை.

நீங்களும் ஒரு நாள் அந்தச் சிறுவனாக இருந்திருப்பீர்கள். அல்லது நீங்களே ஆசிரியராக இருக்கலாம். யார் சொல்வது சரி, கடிகாரமா, சுண்டுவிரலா? இதை ஒழுக்கம் பற்றிய கேள்வியாகவே எல்லோரும் எண்ணுகிறோம். உண்மையில் இது உடலியல் பற்றிய கேள்வி. விடையைத் தேடிச் சிறுநீரகத்திலிருந்து புறப்படுவோம்.

முதுகெலும்பின் இருபுறமும் அவரை விதையின் வடிவில் இரண்டு சிறுநீரகங்கள் இருப்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். ஒவ்வொன்றிலும் சுமார் பத்து லட்சம் நெஃப்ரான்கள் உள்ளன. வளர்ந்த ஒருவரின் உடலில் இவை நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிக்கின்றன. அவ்வளவும் வெளியேறிவிட்டால் நம் கதி என்ன ஆகும்! நல்லவேளையாக, அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு மீண்டும் இரத்தத்துக்கே திரும்பிவிடுகிறது. எஞ்சும் ஒன்றரை லிட்டர் அளவுதான் சிறுநீர். அது சிறுநீர் நாளங்களின் வழியாக, சிறுசிறு அலைகளாக, இரவும் பகலும் சிறுநீர்ப்பைக்கு வந்துகொண்டே இருக்கிறது.

இந்த நீர் எப்போதும் ஒரே அளவில் வருவதில்லை. இங்கேதான் நம் கேள்வியின் முடிச்சு இருக்கிறது.

பதினொரு மணிக்கு இடைவேளை விடுகிறார்கள். ஆறு வயதுச் சிறுவன் ஓடியாடி விளையாடிவிட்டு, மணி அடிக்கும் நேரத்தில் ஒரு டம்ளர் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு வகுப்புக்குள் நுழைகிறான். தண்ணீர் குடலில் உறிஞ்சப்பட்டு இரத்தத்தில் சேருகிறது. இரத்தம் சற்றே நீர்த்துப்போவதை மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ் உணர்ந்துகொள்கிறது. "நீரைச் சேமித்து வை" என்று சிறுநீரகத்துக்குக் கட்டளையிடும் ஹார்மோன் ஒன்று பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வருகிறது. வாசோபிரஸ்ஸின் என்பது அதன் பெயர். இப்போது அதன் வரத்து குறைகிறது. மதகைத் திறந்தாற்போல் சிறுநீர் பெருகத் தொடங்குகிறது. தண்ணீர் குடித்த அரை மணி நேரத்துக்குள் தொடங்கும் இந்தப் பெருக்கு, ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் உச்சத்தை அடைகிறது. பதினொன்றே காலுக்கு வகுப்பில் உட்கார்ந்த பையன் பதினொன்றே முக்காலுக்குச் சுண்டுவிரலைக் காட்டுகிறான் என்றால், அவனுடைய சிறுநீரகங்கள் சரியான நேரத்தில் சரியான வேலையைச் செய்திருக்கின்றன என்றுதான் பொருள்.

"ஒருவன் எழுந்தால் பின்னாலேயே நாலு பேர் எழுந்துவிடுகிறார்கள், எல்லாம் பாசாங்கு" என்று ஆசிரியர்கள் சலித்துக்கொள்வதுண்டு. பாசாங்கு செய்பவர்களும் இருக்கலாம். ஆனால் அந்த ஐந்து பேரும் ஒரே குழாயில், ஒரே நேரத்தில் தண்ணீர் குடித்தவர்கள் அல்லவா? அவர்களுக்கு ஒரே நேரத்தில் முட்டுவதில் வியப்பென்ன இருக்கிறது?

சிறிய பை, முதிராத மூளை

வளர்ந்தவரின் சிறுநீர்ப்பை 400 முதல் 500 மில்லி லிட்டர் வரை கொள்ளும். குழந்தையின் பை எவ்வளவு கொள்ளும்? மருத்துவர்கள் ஓர் எளிய கணக்கை வைத்திருக்கிறார்கள். குழந்தையின் வயதோடு இரண்டைக் கூட்டி முப்பதால் பெருக்கினால் மில்லி லிட்டரில் விடை கிடைக்கும். ஆறு வயதுக் குழந்தைக்கு 240. பத்து வயதுக்கு 360. இது தோராயம்தான், குழந்தைக்குக் குழந்தை வேறுபடும். எப்படிப் பார்த்தாலும், ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் பை அதன் ஆசிரியரின் பையில் பாதி அளவே இருக்கும். "நான் காலையிலிருந்து இருக்கிறேனே, உனக்கு என்ன?" என்று கேட்கும் ஆசிரியர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

சிறுநீர்ப்பை வெறும் தோல் பை அன்று, தசையால் ஆனது. நிரம்ப நிரம்ப அது தளர்ந்து இடம் கொடுக்கிறது. பாதி நிரம்பும் நிலையில் அதன் சுவரில் உள்ள நரம்பு நுனிகள் இழுபட்டு, தண்டுவடத்துக்கும் மூளைக்கும் செய்தி அனுப்பத் தொடங்குகின்றன. பையைச் சுருக்கிக் காலி செய்ய ஆணையிடும் மையம் மூளைத்தண்டின் பான்ஸ் என்னும் பகுதியில் இருக்கிறது. 1925-ஆம் ஆண்டில் பேரிங்டன் என்ற ஆங்கில மருத்துவர் பூனைகளில் ஆராய்ந்து இந்த மையத்தை விளக்கினார். இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது.

கைக்குழந்தைக்குப் பை நிறைந்தால் ஆணை உடனே நிறைவேறிவிடுகிறது. தாயின் மடி நனைகிறது. வளர வளர, பெருமூளையின் முன்பகுதி இடையில் புகுந்து "பொறு, இது இடமன்று" என்று தடுக்கக் கற்றுக்கொள்கிறது. பெரும்பாலான குழந்தைகளுக்குப் பகல் நேரக் கட்டுப்பாடு இரண்டு வயதுக்கும் நான்கு வயதுக்கும் இடையில் வந்துவிடுகிறது. இரவுக் கட்டுப்பாடு வர இன்னும் நாளாகும். ஐந்து வயதிலும் படுக்கையை நனைக்கும் பிள்ளைகள் நூற்றுக்குப் பதினைந்து பேர் வரை உண்டு. பள்ளியில் சேர்க்கும் வயதில் இந்தத் தடுப்பு வேலை புதிதாகக் கற்ற வித்தையாகவே இருக்கிறது. நமக்குச் செய்தி முன்கூட்டியே வருகிறது. இன்னும் அரை மணி நேரம் பொறுக்கலாம் என்று கணக்குப் போட முடிகிறது. குழந்தையோ விளையாட்டிலோ படம் வரைவதிலோ மூழ்கியிருக்கும்போது முதல் செய்தியைக் கவனிப்பதே இல்லை. கவனிக்கும்போது அவசரம் வந்துவிடுகிறது. அடுத்த மணி வரை காத்திரு என்றால் அதனால் இயலாது.

அடக்கினால் என்ன ஆகும்?

ஒரு நாள் அடக்கியதால் பை வெடித்துவிடாது. பாட்டிமார் அப்படிப் பயமுறுத்துவதுண்டு. நல்ல நிலையில் உள்ள பை அந்த எல்லைக்குப் போகுமுன் தானாகவே ஒழுகிவிடும். கேடு வருவது பழக்கத்தால்.

அடக்குவதற்குப் பையின் வாயில் உள்ள சுருக்குத் தசையையும் இடுப்படித் தசைகளையும் இறுக்கிக்கொள்ள வேண்டும். சிறுமிகள் சிலர் சட்டென்று குந்தி, குதிகாலை அடியில் வைத்து அழுத்திக்கொள்வதை நீங்கள் பார்த்திருக்கலாம். அது விளையாட்டன்று, கதவைத் தாழிடும் முயற்சி. நாள்தோறும் இப்படி இறுக்கிப் பழகிய தசை, சிறுநீர் கழிக்கும்போதும் முழுமையாகத் தளர மறுக்கிறது. நீர் விட்டுவிட்டு வருகிறது. பையில் மிச்சம் தங்கிவிடுகிறது. தேங்கிய குட்டையில் பாசி பிடிப்பதுபோல அந்த மிச்சத்தில் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. குடலில் வாழும் எஷ்சரிஷியா கோலை என்ற பாக்டீரியாவே இதில் முதல் குற்றவாளி. வாய்ப்பான சூழலில் அது இருபது நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகப் பிரியும். இதைக் கழுவி வெளியேற்ற உடலுக்கு இருக்கும் எளிய வழி, பையை அவ்வப்போது முழுமையாகக் காலி செய்வதுதான். பெண்களுக்குச் சிறுநீர் வெளியேறும் பாதை குட்டையானது. வளர்ந்த பெண்ணுக்கே நான்கு சென்டிமீட்டர் அளவுதான். அதனால் கிருமி ஏறிவருவது அவர்களுக்கு எளிதாகிவிடுகிறது. எரிச்சல், அடிவயிற்று வலி, காய்ச்சல் என்று சிறுமிகள் அடிக்கடி அவதிப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மலத்தை அடக்குவதும் இதோடு சேர்ந்துகொள்கிறது. உணவு இரைப்பையில் விழுந்ததும் பெருங்குடல் அசையத் தொடங்குவது இயற்கை. மதிய உணவுக்குப் பின் வரும் முதல் வகுப்பில் இரண்டு விரல் காட்டும் பிள்ளையை உட்கார வைத்தால், மலம் குடலிலேயே தங்கி, நீர் வற்றி இறுகிப்போகிறது. நிறைந்த மலக்குடல் பக்கத்திலுள்ள சிறுநீர்ப்பையை அழுத்துகிறது. பிறகு அந்தப் பிள்ளைக்கு இன்னும் அடிக்கடி ஒன்றுக்கு வரும். ஆசிரியருக்குக் கோபமும் வரும்!

மிக அரிதாக, இந்தப் பழக்கம் சிறுநீரகத்தையே கெடுத்துவிடுவதும் உண்டு. நரம்பிலோ உறுப்பின் அமைப்பிலோ எந்தக் குறையும் இல்லாத சிறுவர்களுக்குப் பையும் சிறுநீர் நாளங்களும் சேதமடைந்திருப்பதை 1973-ஆம் ஆண்டில் ஃபிராங்க் ஹின்மன் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய துணைவரும் எழுதி வெளியிட்டார்கள். தவறாகப் பழகிய தசைகளே அதற்குக் காரணம் என்று அவர்கள் கருதினார்கள்.

நாகரிகம் கருதி அடக்கியவர்களில் உலகப் புகழ் பெற்றவர் வானியல் அறிஞர் டைக்கோ பிராகே. 1601-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் பிராகா நகரில் ஒரு விருந்துக்குப் போயிருந்தார். நடுவில் எழுந்தால் மரியாதைக் குறைவு என்று உட்கார்ந்தே இருந்தார். வீடு திரும்பிய பின் அவரால் சிறுநீர் கழிக்க முடியவில்லை; பதினோராம் நாள் இறந்துபோனார். யாரோ பாதரசம் கொடுத்துக் கொன்றுவிட்டார்கள் என்றுகூட வதந்தி கிளம்பியது. 2010-இல் அவருடைய கல்லறையைத் திறந்து ஆராய்ந்தார்கள். சாவுக்குக் காரணமாகும் அளவுக்குப் பாதரசம் இல்லை என்று தெரிந்தது. ஐம்பத்து நான்கு வயதான அவருக்கு முன்பே ஏதேனும் கோளாறு இருந்திருக்கக்கூடும். ஆகவே இதைச் சொல்லிக் குழந்தைகளைப் பயமுறுத்த வேண்டியதில்லை.

ஆனால் பிள்ளைகள் உண்மையிலேயே செய்துவிடுகிற ஒன்று இருக்கிறது. எழுந்து கேட்க அஞ்சி, தண்ணீர் குடிப்பதையே விட்டுவிடுகிறார்கள். பள்ளிக்குக் கொண்டுபோன தண்ணீர்ப் புட்டி மாலையில் அப்படியே நிறைந்து திரும்பி வந்தால், பெற்றோர்களே, கொஞ்சம் விசாரியுங்கள். நம் ஊர் வெயிலில் நாள் முழுவதும் நீர் அருந்தாவிட்டால் சிறுநீர் அடர்ந்து கல் உண்டாக இடமாகிறது. மாதவிலக்கு நாட்களில் மாணவிகள் படும் பாட்டைச் சொல்லவே வேண்டாம். ஆசிரியைகள் பலரும்கூட இதே காரணத்துக்காகத் தண்ணீரைத் தவிர்ப்பவர்கள்தாம். அந்தக் கஷ்டம் அவர்களுக்குத் தெரியாததன்று.

நான் மூன்றாம் வகுப்புப் படித்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் இரண்டு முறை கேட்டான். இரண்டு முறையும் உட்காரச் சொன்னார்கள். சற்று நேரத்தில் பெஞ்சிலிருந்து தரையில் சொட்டும் ஓசை கேட்டது. வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். மறுநாளிலிருந்து ஒரு வாரம் அவன் பள்ளிக்கு வரவில்லை. வந்த பிறகு யாருடனும் பேசவில்லை. எங்கள் ஆசிரியை கெட்டவர் அல்லர். வாய்ப்பாட்டை அவரைப்போலச் சொல்லிக்கொடுத்தவர்கள் குறைவு. ஐம்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு, வெளியே போகும் ஒருவன் கிணற்றுப் பக்கம் போய்விட்டால் என்ன செய்வது என்று அவர் அஞ்சியிருக்கலாம். அந்த அச்சம் நியாயமானது. அதற்கு ஒரு நேரத்தில் ஒருவராக அனுப்பலாம். சிறியவனுக்குப் பெரியவன் ஒருவனைத் துணைக்கு அனுப்பலாம். அனுமதி மறுப்பது அதற்கு மருந்தாகாது.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை வேண்டும் என்கிறது. எல்லாப் பள்ளிகளிலும் ஆறு மாதத்துக்குள் கட்டி முடிக்க வேண்டும் என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. கட்டடம் இருந்தும் போக விடாவிட்டால் அது யாருக்குப் பயன்படும்? பிள்ளையை வதைப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் அதே சட்டம் தடை செய்கிறது. நெளியும் குழந்தையை உட்கார வைப்பதும் அதில் அடங்கும் என்பது என் கருத்து.

இதனால் பாடம் எவ்வளவு கெடும் என்கிறீர்களா? 2014-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தார் உயிர்க்காட்சிசாலை விலங்குகளைக் கவனித்து ஓர் உண்மையைக் கண்டார்கள். மூன்று கிலோவுக்கு மேல் எடையுள்ள பாலூட்டி எதுவானாலும், பையைக் காலி செய்யச் சராசரியாக 21 விநாடிதான் எடுத்துக்கொள்கிறது. பதினெட்டு லிட்டர் கொள்ளும் யானைக்கும் ஏறத்தாழ அதே நேரந்தான். நீண்டு அகன்ற குழாயில் புவியீர்ப்பு நீரை வேகமாகத் தள்ளிவிடுகிறது. மற்ற நேரமெல்லாம் நடையில் போவது.

மாணவர்களே, உங்களுக்கும் ஒரு சொல். இடைவேளையில் தேவை தோன்றாவிட்டாலும் ஒரு முறை போய் வாருங்கள். விளையாட்டு நினைவில் பாதியில் ஓடி வராமல், தசையைத் தளர்த்தி முழுதும் கழியும் வரை பொறுத்திருங்கள். பக்கத்தில் இருப்பவன் அவசரமாக எழுந்தால் சிரிக்காதீர்கள்.

பிள்ளைகள் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பதற்காகவே தனியாக மணி அடிக்கும் வழக்கத்தை 2019-இல் கேரளப் பள்ளிகள் தொடங்கின. 2025-இல் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கும் அந்தத் தண்ணீர் மணி வந்தது. மணி அடிக்கிறது, நாற்பது பிள்ளைகளும் புட்டியைத் திறந்து குடிக்கிறார்கள். அந்தத் தண்ணீர் வெளியே வர ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். அப்போது கணக்கு வகுப்பு பாதியில் நடந்துகொண்டிருக்கும்.