கரையோரக் கணக்கு – 7: தலைக்கட்டில் இல்லாத பெயர்

மாமல்லபுரத்துக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடல் பக்கம் இறங்கினால் வரும் ஒரு குப்பம். மீன் விற்கும் அம்மா ஒருவர் தன் வீட்டுப் பட்டாவை எடுத்துக் காட்டினார். இரண்டு பிளாஸ்டிக் கவர் போட்டு, வாயைக் கட்டி, அரிசி டிரம்முக்குள் வைத்திருந்தார். கையைச் சேலையில் நன்றாகத் துடைத்துக்கொண்ட பிறகுதான் பிரித்தார். கணவர் பெயரோடு தன் பெயர் இருந்த இடத்தை விரலால் தொட்டு, “குடிச்சுட்டு வந்து வெளிய போடின்னு அடிப்பாரு. இது வந்த பிறகுதான் கண்ணு, நீ போய்யான்னு சொன்னேன்” என்றார்.

மீனவ ஊர்களில் கணக்கு ‘தலைக்கட்டு’ என்ற சொல்லில் ஓடுகிறது. கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு. ஊர் வரியும் அவன் பெயரில், ஊர்ப் பங்கும் அவன் பெயரில். கணவனை இழந்தவளுக்குச் சில ஊர்களில் அரைத் தலைக்கட்டு. சில ஊர்களில் அதுவும் கிடையாது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நிவாரணம் லாரி லாரியாக வந்து நின்றபோது, பல ஊர்களில் இந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் பிரித்துக் கொடுத்தார்கள். தனியாக வாழ்ந்த பெண்கள் விடுபட்டுப்போனார்கள்.

இத்தனைக்கும் அந்த அலை அதிகம் கொண்டுபோனது பெண்களைத்தான். ஞாயிற்றுக்கிழமை காலை. ஆண்களில் பலர் கடலில் இருந்தார்கள். ஆழத்தில் அலை படகைத் தூக்கி இறக்கிவிட்டுப் போய்விட்டது. பெண்கள் வரப்போகும் மீனுக்காகக் கரையில் காத்திருந்தார்கள், அல்லது வீட்டில் பிள்ளைகளோடு இருந்தார்கள். கடலூர் மாவட்டத்தில் இறந்த ஆண்கள் 146, பெண்கள் 391 என்று ஆக்ஸ்ஃபாம் அமைப்பு 2005-ல் எழுதியது. உயிர் பிழைத்த பெண்ணின் தொழிலும் கணக்கில் ஏறவில்லை. படகுக்கும் வலைக்கும் இழப்பீடு இருந்தது. அன்னக்கூடையையும், தெருத்தெருவாகக் கடனுக்குக் கொடுத்த மீனின் பாக்கியையும் இழந்தவளுக்கு எந்தப் படிவத்தில் இடமிருந்தது?

பிறகு, வீடிழந்தவர்களுக்குத் தற்காலிகமாகப் போட்ட தார் ஷீட் கொட்டகைகள். உள்ளே வெந்துபோகும் வெக்கை. ஒரு கொட்டகையில் பேசுவது அடுத்ததில் கேட்கும். குளிக்க மறைவு இல்லை. கழிப்பறை தள்ளி இருக்கும், விளக்கு இருக்காது. இருட்டில் போகப் பயந்து, சாயங்காலத்திலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்த பெண்கள் உண்டு. நிவாரணப் பணம் சாராயக் கடைக்குப் போய், அடியாகத் திரும்பி வந்தது. மனைவியை இழந்தவர்களுக்கு அவசர அவசரமாகப் பெண் பார்த்தார்கள். வயது வராத பிள்ளைகளையும் கட்டிக்கொடுத்தார்கள். வெளியாள் கை நீட்டியதை மட்டும் வன்கொடுமை என்று எண்ணிவிட்டு மற்றதையெல்லாம் குடும்ப விஷயம் என்று ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இந்த இடத்தில் தமிழக அரசு செய்த ஒரு நல்ல காரியத்தைச் சொல்லியாக வேண்டும். 2005 மார்ச் 30 தேதியிட்ட அரசாணை 172, புது வீடுகளைக் கணவன், மனைவி இருவர் பெயரிலும் கொடுக்கச் சொன்னது. பட்டா கைக்கு வரப் பல ஊர்களில் வருடக்கணக்கானது, ஆனாலும் வந்தது. கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையில் நடந்தது வேறு. மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதிகளில் வீடு பெண்ணுக்குச் சீதனமாக எழுதப்படுவது வழக்கம். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து சேருவார். அலைக்குப் பின் கட்டிய வீடுகளில் பலவற்றை ‘குடும்பத் தலைவர்’ என்று ஆண்கள் பெயரில் எழுதிவிட்டார்கள். தலைமுறை தலைமுறையாகப் பெண்ணிடம் இருந்த வீடு, உதவி என்ற பெயரில் கை மாறிப்போனது.

2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, வீடு யார் பெயரில் இருந்தாலும், சட்ட நடைமுறை இல்லாமல் மனைவியை வெளியேற்ற முடியாது. ஆனால் அதற்குக் கோர்ட்டுக்குப் போக வேண்டும், நாள் கணக்காக வியாபாரத்தை விட வேண்டும். பட்டாவை ஊர்ப் பெரியவர்கள் முன்னால் அன்றைக்கே விரித்துவிடலாம். அந்த அம்மா அப்படித்தான் செய்தார்.

2022 டிசம்பர் 9 நள்ளிரவில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகேதான் கரையைக் கடந்தது. அன்று வீட்டை விட்டுக் கிளம்பும்போது என்ன எடுத்துக்கொண்டீர்கள் என்று கேட்டேன். டார்ச், மாத்திரை, பட்டா என்றார். போய்த் தங்கிய இடத்தில் கழிப்பறை எப்படி இருந்தது?

“பொண்ணும் நானும் சேர்ந்தேதான் போனோம். ஒருத்தி உள்ள, ஒருத்தி கதவாண்ட.”

“கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லையாம்மா?”

“இருந்துச்சி. இருந்தாலும்...” என்றவர், பட்டாவைக் கவரில் போட்டு மறுபடி வாயைக் கட்டினார்.

(தொடரும்)