அலசினால் உப்பு போகும், பாதரசம் போகாது

பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறும் என்று சுறாக் கருவாடு வாங்கிக் கொடுக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் சந்தைகளில் கருவாடு வாங்குவோர் முதலில் யோசிக்க வேண்டியது சுறாவில் சேரும் பாதரசத்தைப் பற்றித்தான்.

நிலக்கரியை எரித்தால் வெளிவரும் பாதரசம் காற்றோடு போய்க் கடலில் விழுகிறது. ஆலைக் கழிவோடு ஈயமும் காட்மியமும் சேர்கின்றன. தூத்துக்குடிக் கரையில் அனல்மின் நிலையமும் துறைமுகமும் ரசாயன ஆலைகளும் இருக்கின்றன. கடலில் நுண்ணுயிர்கள் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. அது சிறு மீனுக்குள் போய், அதைத் தின்னும் பெரிய மீனில் கூடி, பல ஆண்டு வாழும் சுறாவில் குவிகிறது. நெத்திலி, சாளையில் குறைவுதான்.

மீன் காயும்போது நீர் போகும், உலோகம் தங்கிவிடும். மூன்று கிலோ பச்சை மீன் ஒரு கிலோ கருவாடானால், கிலோவுக்கான உலோக அளவு மூன்று மடங்கு. மெத்தில் பாதரசம் சதையின் புரதத்தோடு பிணைந்திருப்பதால் வெந்நீரில் ஊறப்போட்டாலும், வறுத்தாலும், குழம்பு வைத்தாலும் போகாது. காட்மியம் குடலிலும் ஈரலிலும் அதிகம். குடல் எடுத்த கருவாட்டில் அது குறையும்.

வாரத்துக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் மெத்தில் பாதரசம் என்பது சர்வதேச நிபுணர் குழு வகுத்த வரம்பு. 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 80 மைக்ரோகிராம். ஒரு கிலோ கருவாட்டில் 1 மில்லிகிராம் இருந்தால், 80 கிராம் தின்றாலே வாரக் கணக்கு முடிந்தது. ஜப்பானின் மினமாட்டாவில் 1956இல் வெளிப்பட்ட நோயில், தாய்க்குப் பெரிய தொந்தரவு தெரியாதபோதும் வயிற்றுப் பிள்ளையின் மூளை பாதிக்கப்பட்டது. கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் சுறாவை விட்டுவிடுங்கள். மீனையே நிறுத்த வேண்டாம், சிறு மீன் கொடுங்கள். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். காட்மியம் சிறுநீரகத்தில் பல ஆண்டு தங்கும்.

பார்த்தோ முகர்ந்தோ இந்த உலோகங்களைக் கண்டுபிடிக்க முடியாது, பரிசோதனைதான் வழி. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவுப்படி, வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, கட்டணம் செலுத்தி, உணவுப் பகுப்பாய்வாளரிடம் யாரும் பரிசோதிக்கக் கேட்கலாம். ஈயம், காட்மியம், பாதரசம் என்று பெயர் சொல்லியே கேளுங்கள். குறை நிரூபணமானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். புகாரை மாநில உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பலாம். பாதிப்புக்கு இழப்பீடு கேட்க, மாவட்ட நுகர்வோர் ஆணையம் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருக்கிறது.

இதற்கெல்லாம் ரசீது கைகொடுக்கும். சந்தையில் அதுதான் கிடைப்பதில்லை. புகார் வந்தால் முதலில் மாட்டுவது கூடை வைத்து விற்கும் பெண்கள். சரக்கு யாரிடம் வாங்கியது என்று சொல்ல முடியாவிட்டால் சட்டம் விற்பவரையே பொறுப்பாக்கும். மொத்த வியாபாரி கொடுக்கும் பில்லை அவர்கள் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும். கொடுக்க மறுப்பவரிடம் சரக்கு எடுக்கக் கூடாது.